பூங்கா மைதானத்திலிருந்து பிரீமியர் லீக் வரை: லண்டனில் கால்பந்து பார்க்கப் போவது எப்படி

லண்டனுக்கு வரும் நம் ஆட்கள் முதல் மாதத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அர்செனல் மேட்ச்சுக்கு டிக்கெட் கிடைக்குமா?" கிடைக்கும். ஆனால் அதை முதல் ஆட்டமாக வைத்துக்கொள்ளாதீர்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

நான் குடியிருப்பது ஈஸ்ட்ஹாம் பக்கம். சனிக்கிழமை மதியம் என்றால் ஏதாவது ஒரு மைதானத்தில் இருப்பேன். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன்கள், மேல்படிப்புக்கு வந்தவர்கள், ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் என்று பலரைக் கூட்டிப் போயிருக்கிறேன். நேராகப் பெரிய மைதானத்துக்குப் போனவர்கள் 100 பவுண்டுக்கு மேல் செலவழித்தும், எங்கே நிற்பது, எப்போது எழுவது, யாருக்குக் கை தட்டுவது என்று தெரியாமல் தவித்தார்கள். கீழிருந்து ஒவ்வொரு படியாக ஏறி வந்தவர்கள் பெரிய மைதானத்துக்குள் நுழையும்போது பழகிய ரசிகர்களாகவே இருந்தார்கள். அந்த ஏறுவரிசையில்தான் இதை எழுதுகிறேன். உதாரணங்கள் கிழக்கு லண்டனைச் சேர்ந்தவை. டூட்டிங், ஹாரோ பக்கம் இருப்பவர்கள் மைதானங்களின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

1. ஏணியின் படிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

இங்கே ஆண்கள் கால்பந்து ஒரே ஏணியாக அடுக்கப்பட்டிருக்கிறது. உச்சியில் பிரீமியர் லீக், 20 கிளப்புகள். அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ, ஒவ்வொன்றிலும் 24 கிளப்புகள். இந்த நான்கு தட்டுகளையும் சேர்த்தால் 92. ஐந்தாவது தட்டு நேஷனல் லீக். அதற்கும் கீழே நேஷனல் லீக் நார்த், சவுத். பிறகு இஸ்த்மியன் லீக், எசெக்ஸ் சீனியர் லீக் போன்ற வட்டார லீக்குகள்.

ஐந்தாவது தட்டையும் அதற்குக் கீழே உள்ளவற்றையும் 'நான்-லீக்' என்பார்கள். அந்த வட்டாரத்தில் 'ஸ்டெப்' என்று ஒரு தனிக் கணக்கு ஓடுகிறது. நேஷனல் லீக்தான் ஸ்டெப் 1. ஆகவே ஸ்டெப் 5 என்றால் நாடு முழுவதற்குமான ஏணியில் ஒன்பதாவது தட்டு. என் நண்பர் ஒருவர் ஸ்டெப் 5 என்பதை ஐந்தாவது தட்டு என்று எடுத்துக்கொண்டு, சில ஆயிரம் பேர் கூட்டத்தை எதிர்பார்த்து வந்தார். வேலிக்குப் பக்கத்தில் 90 பேர் நின்றிருந்தார்கள்.

ஒரு ஆட்டம் எந்தத் தட்டைச் சேர்ந்தது என்று தெரிந்தால் மீதி எல்லாம் ஓரளவு தெரிந்துவிடும். டிக்கெட்டை முன்பதிவு செய்ய வேண்டுமா, ரசிகர்களைப் பிரித்து உட்கார வைப்பார்களா, கையில் பீருடன் ஆட்டத்தைப் பார்க்கலாமா என்பதெல்லாம் தட்டைப் பொறுத்துத்தான். உதாரணமாக, மேல் ஐந்து தட்டுகளில் ஆடுகளம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மது குடிப்பதை 1985ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அதற்குக் கீழே அந்தத் தடை இல்லை.

2. முதல் ஆட்டம் காசில்லாமல் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி வாக்கில் வான்ஸ்டெட் ஃப்ளாட்ஸுக்கோ ஹாக்னி மார்ஷஸுக்கோ போங்கள். ஹாக்னி மார்ஷஸில் ஒரு காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆடுகளங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இப்போதும் ஒரே பார்வையில் பத்துப் பதினைந்து ஆட்டங்கள் தெரியும். வேலி இல்லை, வாசல் இல்லை, டிக்கெட்டும் இல்லை. எந்த ஆட்டத்தின் ஓரத்திலும் போய் நிற்கலாம்.

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. டிவியில் ஆட்டம் எப்போதும் உயரத்திலிருந்துதான் தெரியும். கோட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் பந்து எவ்வளவு வேகமாக வருகிறது, ஒரு டிஃபெண்டர் எவ்வளவு பேசிக்கொண்டே இருக்கிறார் என்பதெல்லாம் புரியும். ஈரப் புல்லில் இரண்டு பேர் ஒரே பந்துக்குச் சறுக்கும்போது வரும் சத்தத்தை எந்த மைக்கும் பிடிப்பதில்லை. அது உங்கள் காலடியிலேயே கேட்கும்.

இங்கே கவனிக்க வேண்டியவை சில உண்டு. கோட்டை ஒட்டி நிற்காமல் இரண்டு அடியாவது தள்ளி நில்லுங்கள். கொடி பிடித்து ஓடுபவர் பெரும்பாலும் அந்த அணியின் மாற்று ஆட்டக்காரர்தான். அவர் பின்னால் பார்த்துக்கொண்டு ஓட மாட்டார். கோலுக்கு நேர் பின்னால் வேண்டவே வேண்டாம், பல இடங்களில் வலை கிழிந்திருக்கும். பந்து உங்கள் பக்கம் வந்தால் எடுத்துக் கொடுங்கள்.

மிக முக்கியமானது இன்னொன்று. சிறுவர் ஆட்டம் நடந்தால் போனை வெளியே எடுக்காதீர்கள். பிள்ளைகளின் பாதுகாப்பில் இங்கே மிகவும் கண்டிப்பு. நம் ஊரில் யார் பிள்ளை ஆடினாலும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவோம். இங்கே முன்பின் தெரியாத ஒருவர் அப்படிச் செய்தால் பெற்றோர் வந்து கேட்பார்கள், அவர்கள் கேட்பது நியாயமும்கூட.

3. இரண்டாவது ஆட்டம்: டர்ன்ஸ்டைல் (இரும்புச் சுழல் கதவு) உள்ள சின்ன மைதானம்

அடுத்து ஸ்டெப் 4, 5, 6-இல் ஒரு கிளப்பைத் தேர்ந்தெடுங்கள். வீட்டிலிருந்து 45 நிமிடத்துக்குள் போய்ச் சேரும் இடமாக இருக்கட்டும். ஆட்டம் சுமாராக இருந்தாலும் அலைச்சல் குறைவாக இருந்தால்தான் அடுத்த வாரமும் கிளம்பத் தோன்றும்.

இல்ஃபர்ட் பக்கம் இருப்பவர்களுக்கு செவன் கிங்ஸ் ஸ்டேஷன் அருகே கிரிக்கிள்ஃபீல்ட் ஸ்டேடியம் இருக்கிறது. அங்கே ஆடுகளத்தைச் சுற்றி ஓட்டப்பந்தயப் பாதை. அதனால் உட்கார்ந்து பார்ப்பவருக்கும் பந்துக்கும் நடுவே பெரிய இடைவெளி. முதல் அனுபவத்துக்கு ஆடுகளத்தை ஒட்டிய கம்பி வேலி உள்ள மைதானம்தான் நல்லது என்பது என் கருத்து. கிரீன் ஸ்ட்ரீட்டிலிருந்து நடந்தே போகும் தூரத்தில், ஃபாரஸ்ட் கேட் அப்டன் லேனில் ஓல்ட் ஸ்பாட்டட் டாக் மைதானம் இருக்கிறது. 1888 முதல் கால்பந்துக்குப் பேர்போன இடம். ரசிகர்களே சேர்ந்து நடத்தும் கிளாப்டன் கம்யூனிட்டி கிளப் 2020-இல் அந்த நிலத்தை வாங்கியது. புடவைக் கடைகளுக்கும் நகைக்கடைகளுக்கும் இத்தனை பக்கத்தில் இப்படி ஒரு மைதானம் இருப்பது அங்கே வாராவாரம் சாமான் வாங்கப் போகும் நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது.

இந்தத் தட்டில் முன்பதிவு தேவைப்படுவது அபூர்வம். நுழைவு சுமார் 10 பவுண்டு, சில இடங்களில் இன்னும் குறைவு. சிறுவர்களுக்குப் பல கிளப்புகளில் இலவசம் அல்லது ஒரு பவுண்டு. வாசலில் கார்டு வாங்குவார்கள், ஆனாலும் சில்லறையாகப் பத்துப் பவுண்டு வைத்துக்கொள்ளுங்கள்; உள்ளே குலுக்கல் சீட்டு விற்பவர் பெரும்பாலும் காசுதான் வாங்குவார். அந்தக் குலுக்கல் காசும் தேநீர்க் காசும் சேர்ந்துதான் பல சின்ன கிளப்புகளை நடத்துகின்றன. தயங்காமல் ஒரு சீட்டு வாங்குங்கள்.

எப்போது தொடங்கலாம் என்று கேட்டால் ஆகஸ்ட் என்பேன். எஃப்ஏ கோப்பையின் ஆரம்பச் சுற்றுகள் அப்போதே தொடங்கிவிடும். பெரிய கிளப்புகள் ஜனவரி மூன்றாம் சுற்றில் வந்து சேரும் அதே கோப்பையை, 200 பேர் நடுவில் நின்று வெயிலில் பார்க்கலாம். ஆகஸ்டைத் தவறவிட்டால் நான்-லீக் டே வரை பொறுங்கள். 2010-இல் தொடங்கிய ஏற்பாடு இது. தேசிய அணிகளின் ஆட்டங்களுக்காக மேல் இரண்டு தட்டுகளும் ஓய்வெடுக்கும் ஒரு சனிக்கிழமையில் நடக்கும். பல கிளப்புகள் அன்றைக்குக் கட்டணத்தைக் குறைக்கும்.

4. ஆட்டம் நடக்கிறதா என்று மூன்று முறை பாருங்கள்

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சின்ன கிளப்புகளின் ஆடுகளத்துக்கு அடியில் சூடாக்கும் குழாய் கிடையாது. இரண்டு நாள் மழை பெய்தால் தண்ணீர் தேங்கும். ஒரு இரவு பனி உறைந்தால் தரை சிமெண்டு போல ஆகிவிடும். ஆட்ட நாள் காலையில் நடுவர் வந்து பந்தைத் தரையில் தட்டிப் பார்த்து முடிவு சொல்வார். சில சமயம் மதியம் மீண்டும் ஒருமுறை பார்ப்பார்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு ஜனவரி சனிக்கிழமை, காலை 9 மணிக்குப் பார்த்தபோது ஆட்டம் உண்டு என்று போட்டிருந்தது. நண்பரையும் அவருடைய பத்து வயது மகனையும் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறி ஒன்றரை மணி நேரம் போனேன். கேட் பூட்டியிருந்தது. உள்ளே புல் தெரியாத அளவுக்குத் தண்ணீர். 12 மணிக்கே கிளப் தன் எக்ஸ் பக்கத்தில் ரத்து என்று போட்டிருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை. அந்தப் பையன் கேட்டின் இடுக்கு வழியாக உள்ளே பார்த்துக்கொண்டு நின்ற முகம் இன்னும் கண்ணில் இருக்கிறது.

அதற்குப் பிறகு மூன்று முறை பார்ப்பது பழக்கமாகிவிட்டது. முந்தைய நாள் இரவு லீக்கின் தளத்தில் தேதியும் நேரமும். காலையில் கிளப்பின் சமூக ஊடகப் பக்கம். அப்புறம், வீட்டுக் கதவைப் பூட்டுவதற்கு முன் மறுபடியும் அதே பக்கம். லீக் தளம் புதுப்பிக்கப்படப் பல மணி நேரம் ஆகும். கிளப்பின் பக்கத்தில்தான் செய்தி முதலில் வரும். குளிர்காலத்தில் செயற்கைப் புல் உள்ள இன்னொரு மைதானத்தையும் மாற்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மழைக்காக ஆட்டம் நிற்பது அரிது.

நேரத்திலும் கவனம் வேண்டும். சனிக்கிழமை 3 மணி, வார நாளில் இரவு 7:45 என்பது வழக்கம். வெளிச்சக் கோபுரம் இல்லாத பூங்கா மைதானங்களில் குளிர்காலத்தில் ஒன்றரை, இரண்டு மணிக்கே தொடங்கிவிடுவார்கள், ஏனென்றால் டிசம்பரில் இங்கே 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வாரக்கடைசியில் டியூப், ரயில் பாதைகளில் பழுதுபார்ப்பு நடக்கும் என்பதால் ஆட்டத்தைப் பார்த்த கையோடு டிஎஃப்எல் (லண்டன் போக்குவரத்து அமைப்பு) தளத்தையும் பாருங்கள்.

5. காலிலிருந்து உடுத்திக்கொண்டு வாருங்கள்

நம் ஆட்கள் தலைக்குக் குல்லா, கழுத்துக்கு மப்ளர் எல்லாம் சரியாகப் போட்டுக்கொண்டு வந்து, காலுக்கு மட்டும் மெல்லிய கேன்வாஸ் ஷூ போட்டிருப்பார்கள். நின்று பார்க்கும் மைதானத்தில் இரண்டு மணி நேரம் சிமெண்டுப் படியில் நிற்கிறோம். குளிர் கீழேயிருந்துதான் ஏறும். இரண்டாம் பாதியில் கால்விரல் மரத்துப்போனால் ஆட்டத்தில் மனம் நிற்காது.

தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ, கம்பளி சாக்ஸ், மேலே இரண்டு மூன்று மெல்லிய அடுக்குகள் போதும். குடை வேண்டாம், பின்னால் நிற்பவருக்கு மறைக்கும், பெரிய மைதானங்களில் ஊழியர்கள் வாசலிலேயே அதைப் பிடுங்கி வைத்துக்கொள்ளக்கூடும். தொப்பி வைத்த மழைக்கோட்டே நல்லது.

6. உள்ளே போனதும்

20 நிமிடம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். டர்ன்ஸ்டைல் என்பது ஒரு ஆள் மட்டும் நுழையும் இரும்புச் சுழல் கதவு. பக்கத்துச் சின்ன ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவர் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தொண்டர். அவர் காலால் ஒரு மிதியை அழுத்த, 'டக்' என்று பூட்டு விடுபடும். கம்பியை வயிற்றால் தள்ளிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். முதுகில் பெரிய பை இருந்தால் அங்கேயே சிக்கிக்கொள்வீர்கள், முன்பக்கமாக மாட்டிக்கொள்ளுங்கள்.

முதல் வேலையாக மைதானத்தை ஒருமுறை முழுதாகச் சுற்றி நடங்கள். இந்தத் தட்டுகளில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம் என்பதால், காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது, கூரை எங்கே இருக்கிறது, வெயில் யார் கண்ணில் அடிக்கும் என்பதைப் பார்த்துவிட்டு இடம் பிடியுங்கள். அணிப் பட்டியல் கிளப் பாருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும், போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காகித ப்ரோக்ராம் (அன்றைய ஆட்டத்துக்கான சிறு கையேடு) இன்னும் அச்சடிக்கும் கிளப் என்றால் ஒன்று வாங்கிவிடுங்கள், அது தீர்ந்துவிடும்.

எங்கே நிற்பது? முதல் பாதியில் பயிற்சியாளர்கள் உட்காரும் டக்அவுட்டுக்குப் பின்னால். அவர்கள் கத்துவதைக் கேட்டால் ஆட்டம் எப்படிப் பின்னப்படுகிறது என்பது புரியும். "இரண்டு அடி உள்ளே வா", "அவனை இடது காலில் அடிக்க விடு" என்ற மாதிரி அறிவுரைகள் 90 நிமிடமும் ஓடும். வசைச்சொல்லும் தாராளமாக வரும்; பிள்ளைகளோடு போனால் எதிர்ப்பக்கம் நில்லுங்கள். இரண்டாம் பாதியில் உங்கள் அணி எந்த கோலைத் தாக்குகிறதோ அதன் பின்பக்கம் போய்விடுங்கள். இடைவேளையில் ரசிகர்கள் கூட்டமாக ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்து போவதைப் பார்ப்பீர்கள். அது இந்தத் தட்டுகளின் வழக்கம், நீங்களும் சேர்ந்து நடக்கலாம்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. குளிர் நாளில் எல்லோர் கையிலும் 'போவ்ரில்' என்று ஒரு சூடான பானம் இருக்கும். பார்க்கக் கடும் டீ போலவே இருக்கும். அது மாட்டிறைச்சிச் சாறு. மாட்டிறைச்சி சாப்பிடாத ஒருவர் ஒரு வாய் குடித்துவிட்டு என்னிடம் கேட்ட பிறகு, யாரைக் கூட்டிப் போனாலும் இதை வாசலிலேயே சொல்லிவிடுகிறேன். சைவக்காரர்களுக்கு சிப்ஸ், சீஸ் சிப்ஸ், சில இடங்களில் சீஸ்-வெங்காய பேஸ்ட்ரி கிடைக்கும். இடைவேளை 15 நிமிடம்தான். நடுவர் விசில் ஊதுவதற்கு மூன்று நிமிடம் முன்பே வரிசைக்குப் போய்விட்டால் இரண்டாம் பாதியின் தொடக்கத்தைத் தவறவிட மாட்டீர்கள்.

7. நடுப்படிகள்: டேகன்ஹாம், லேட்டன்

இப்படி நான்கைந்து ஆட்டம் பார்த்த பிறகு மேலே ஏறலாம். ஈஸ்ட்ஹாமிலிருந்து அதே டிஸ்ட்ரிக்ட் லைனில் டேகன்ஹாம் ஈஸ்ட் வரை போனால், ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடையில் டேகன்ஹாம் அண்ட் ரெட்பிரிட்ஜ் கிளப்பின் விக்டோரியா ரோடு மைதானம். ஒரு காலத்தில் 92-க்குள் ஆடிய கிளப். அதனால் நான்-லீக்கிலேயே முழு அளவிலான மைதானம், நின்று பார்க்கும் படிக்கட்டுகள் எல்லாம் அங்கே உண்டு.

இந்தத் தட்டில் புதிதாகக் கற்க வேண்டியது ரசிகர்களைப் பிரிப்பது. வந்த அணியின் ரசிகர்கள் அதிகமாக வரும் ஆட்டங்களில் அவர்களுக்குத் தனி முனை, தனி வாசல். நீங்கள் எந்தப் பக்கமும் சேராதவர் என்றால் ஹோம் (மைதானத்துக்குச் சொந்தமான அணியின்) பகுதியில் டிக்கெட் எடுங்கள். வந்த அணியின் நிறத்தில் சட்டையோ மப்ளரோ அன்றைக்கு வேண்டாம். உங்களுக்கு அது வெறும் சிவப்பு ஸ்வெட்டராக இருக்கலாம், வாசலில் நிற்கும் மஞ்சள் மேலங்கி ஊழியருக்கு அப்படி இல்லை.

அடுத்தது லேட்டன் ஓரியன்ட்டின் பிரிஸ்பேன் ரோடு. சென்ட்ரல் லைனில் லேட்டன் ஸ்டேஷன். மைதானத்தின் நான்கு மூலையிலும் அடுக்குமாடி வீடுகள். சிலர் தங்கள் பால்கனியில் நின்றே ஆட்டம் பார்ப்பார்கள். தொழில்முறைக் கால்பந்தை ஓரளவு நெருக்கத்தில், குடும்பத்தோடு பார்க்க லண்டனில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். இங்கே முன்பதிவு செய்தே போங்கள். கிளப்பின் சொந்தத் தளத்தில் கணக்கு தொடங்கி, இருக்கை எண்ணைத் தேர்ந்தெடுத்து, டிக்கெட்டைப் போனில் இறக்கிக்கொள்ளும் முறையை இங்கே பழகிக்கொண்டால் பெரிய கிளப்பில் திண்டாட வேண்டியதில்லை.

8. பிரீமியர் லீக் டிக்கெட்

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கிளப்பின் அனுமதியில்லாமல் கால்பந்து டிக்கெட்டை மறுவிற்பனை செய்வது இங்கிலாந்தில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கூகுளில் தேடினால் முதலில் வரும் மறுவிற்பனைத் தளங்களில் வாங்காதீர்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்த என் சித்தப்பா மகன் அப்படி ஒரு தளத்தில் நான்கு மடங்கு விலை கொடுத்தான். டிக்கெட் வேறு யாரோ ஒருவருடைய பெயரில், வந்த அணி ரசிகர்களின் முனையில். அவன் போட்டிருந்ததோ ஹோம் அணியின் சட்டை. வாசலில் உள்ளே விடவில்லை, பணமும் திரும்பவில்லை.

சரியான வழி கிளப் உறுப்பினர் ஆவது. பெரும்பாலான கிளப்புகளில் சீசனுக்கு 30 முதல் 50 பவுண்டு வரை ஆகும். இது டிக்கெட் அல்ல. டிக்கெட் விற்பனைக்கு வரும்போது வாங்குவதற்கான உரிமை மட்டுமே. பணம் கட்டிவிட்டு டிக்கெட் வரும் என்று காத்திருந்தவர்கள் உண்டு. விற்பனை நாளும் நேரமும் கிளப் தளத்தில் போட்டிருக்கும், அந்த நேரத்தில் கணினி முன்னால் உட்கார வேண்டும். அதில் கிடைக்காவிட்டாலும் ஆட்டத்துக்கு முந்தைய வாரம் கிளப்பின் அதிகாரபூர்வ டிக்கெட் எக்ஸ்சேஞ்ச் பக்கத்தைத் திறந்து பாருங்கள். வர முடியாத சீசன் டிக்கெட்காரர்கள் தங்கள் இருக்கையை அங்கேதான் விடுவார்கள். ஆட்ட நாள் காலையில்கூட எனக்குக் கிடைத்திருக்கிறது. பல கிளப்புகளில் ஒவ்வொருவருக்கும் தனி உறுப்பினர் எண் வேண்டும் என்பதால், இரண்டு பேர் சேர்ந்து உட்கார வேண்டுமென்றால் இருவருமே உறுப்பினராகுங்கள்.

எந்த ஆட்டம் என்பதிலும் யோசியுங்கள். மான்செஸ்டர் யுனைடெட்டோ லிவர்பூலோ வரும் நாளுக்கு எல்லோரும் அலைவார்கள். லீக் கோப்பையின் ஆரம்பச் சுற்று, புதிதாக ஏறி வந்த அணியோடு வார நாள் ஆட்டம் என்றால் சுலபமாகக் கிடைக்கும், விலையும் குறைவு. அர்செனல் பெண்கள் அணி எமிரேட்ஸில் ஆடும் நாளுக்கு, ஆண்கள் ஆட்டத்தின் விலையில் ஒரு பகுதி கொடுத்து 60,000 பேர் கொள்ளும் அதே அரங்கில் உட்காரலாம். முதல் பெரிய மைதானத்துக்கு இதைத்தான் நான் சொல்வேன். ஆட்டமும் தரமானது, கூட்டத்தில் குடும்பங்கள் அதிகம்.

ஊரிலிருந்து விமான டிக்கெட் எடுத்து வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. அட்டவணை ஜூனில் வெளியாகும்போது பெரும்பாலான ஆட்டங்கள் சனிக்கிழமை 3 மணி என்றுதான் இருக்கும். டிவி நிறுவனங்கள் தேர்ந்தெடுத்த பிறகு அவை வெள்ளி இரவுக்கோ, ஞாயிறுக்கோ, திங்கள் இரவுக்கோ நகரும். சனிக்கிழமை மதியம் 2:45 முதல் 5:15 வரை பிரிட்டனில் நேரடி ஒளிபரப்பு கிடையாது என்பதால், டிவி விரும்பும் ஆட்டம் எதுவும் 3 மணியில் நிற்காது. வெள்ளி முதல் செவ்வாய் வரை லண்டனில் இருக்கும்படி பயணத்தை வைத்துக்கொண்டால் எப்படி நகர்ந்தாலும் தப்பிக்கலாம்.

9. பெரிய மைதானத்தில் ஆட்ட நாள்

டிக்கெட்டை வீட்டிலேயே போன் வாலட்டில் ஏற்றிவிடுங்கள். மைதான வாசலில் பல்லாயிரம் பேர் ஒரே சமயத்தில் போனைத் திறப்பதால் நெட் நின்றுவிடும். ஸ்கிரீன்ஷாட் பல இடங்களில் செல்லாது, போனையே கருவியில் காட்ட வேண்டும். சார்ஜ் முழுதாக இருக்கட்டும்.

பை கொண்டு போகாமல் இருப்பது நல்லது. ஏ4 தாள் அளவுக்கு மேல் உள்ள பையைப் பெரும்பாலான மைதானங்கள் அனுமதிப்பதில்லை. லேப்டாப் பையோடு அலுவலகத்திலிருந்து நேராக வருபவர்கள் வார நாள் ஆட்டங்களில் வாசலில் திண்டாடுவதை அடிக்கடி பார்க்கிறேன். தண்ணீர் பாட்டில் இருந்தால் மூடியை ஊழியர்கள் கழற்றி வாங்கிக்கொள்ளக்கூடும்.

வெஸ்ட்ஹாம் ஆட்டத்துக்குப் போகிறவர்கள் அப்டன் பார்க்கில் இறங்காதீர்கள். பழைய நினைவில் சில பெரியவர்கள் இன்னும் அந்த வழியைத்தான் சொல்வார்கள். கிளப் 2016-இல் அங்கிருந்து போய்விட்டது, மைதானம் இருந்த இடத்தில் இப்போது குடியிருப்புகள். ஸ்டிராட்ஃபர்டில் இறங்கி லண்டன் ஸ்டேடியத்துக்கு நடக்க வேண்டும். அது 2012 ஒலிம்பிக்ஸுக்குக் கட்டிய அரங்கம், கோலுக்குப் பின்னால் உள்ள இருக்கைகள் ஆடுகளத்திலிருந்து மிகவும் தள்ளி இருக்கும். பக்கவாட்டில் எடுங்கள்.

எந்தக் காரணத்துக்காகவும் ஆடுகளத்துக்குள் கால் வைக்காதீர்கள். 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். வழக்கு வந்தால் மாணவர் விசா, வேலை விசா வைத்திருப்பவர்களுக்கு அதன் விளைவு ஆட்டத்தோடு முடியாது.

ஆட்டம் முடிந்ததும் உடனே ஸ்டேஷனுக்கு ஓடாமல் 20 நிமிடம் இருக்கையிலேயே இருங்கள். அல்லது மைதானத்தை ஒட்டிய ஸ்டேஷனை விட்டுவிட்டு அடுத்த ஸ்டேஷனுக்கு நடந்துவிடுங்கள். நெரிசலில் நின்று காத்திருப்பதை விட அந்த நடை சீக்கிரம் முடியும்.

10. யாராவது நிறத்தைச் சொல்லித் திட்டினால்

இதைச் சொல்லாமல் விட்டால் இந்த வழிகாட்டி நேர்மையாக இருக்காது. எனக்கு மைதானங்களில் கிடைத்தது பெரும்பாலும் நல்ல வரவேற்புதான். சின்ன கிளப்புகளில் இரண்டாவது தடவை போனாலே பேர் கேட்டு வைத்துக்கொள்வார்கள். ஆனாலும் இத்தனை வருடத்தில் இரண்டு முறை காதில் விழக்கூடாத சொல் விழுந்திருக்கிறது.

அந்த இடத்தில் திருப்பிப் பேச வேண்டாம். நேரத்தையும் இருக்கை வரிசையையும் போனில் குறித்துக்கொண்டு, பக்கத்தில் உள்ள ஊழியரிடம் போய்ச் சொல்லுங்கள். மைதானத்தில் இன வெறுப்புக் கோஷம் போடுவதும் அதே 1991 சட்டத்தின் கீழ் குற்றம். கிக் இட் அவுட் என்ற அமைப்பு 1993 முதல் இதற்காகவே வேலை செய்கிறது. அவர்களிடம் இணையத்தில் புகார் கொடுக்கலாம். பல பெரிய கிளப்புகளில் இருக்கையிலிருந்தே குறுஞ்செய்தி அனுப்ப ஒரு எண் உண்டு. உட்கார்ந்ததும் அது எங்கே எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். புகார் கொடுத்தால் நமக்குத்தான் தொந்தரவு என்று நம்மவர்கள் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். நான் ஒருமுறை கொடுத்தேன், அந்த ஆளை இடைவேளைக்குள் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

11. குறித்து வையுங்கள்

பத்து மைதானங்களைத் தாண்டியதும் எங்கே எதைப் பார்த்தோம் என்பது குழம்பத் தொடங்கும். மைதானங்களைப் பதிவு செய்ய ஃபுட்பாலஜி என்ற செயலி இருக்கிறது, வரைபடத்தில் புள்ளி புள்ளியாகக் காட்டும். நான் அதோடு ஒரு நோட்டும் வைத்திருக்கிறேன். தேதி, மைதானம், கோல் கணக்கு, எத்தனை பேர் வந்திருந்தார்கள், எந்த பஸ், எங்கே நின்றால் காற்று அடிக்கவில்லை. கடைசி இரண்டும் எந்தச் செயலியிலும் இருக்காது. அடுத்த தடவை யாரையாவது கூட்டிக்கொண்டு போகும்போது அவைதான் கைகொடுக்கும்.

பாதியில் கிளம்பினால் அந்த மைதானம் கணக்கில் சேருமா என்று இந்தப் பழக்கம் உள்ளவர்கள் நடுவே வாக்குவாதம் ஓயாது. 90 நிமிடமும் இருந்தால்தான் சேரும் என்பது என் கணக்கு. மழை வந்து நடுவில் நிறுத்திய ஒரு ஆட்டத்தை நான் சேர்க்கவில்லை, மறுபடியும் போக வேண்டும் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். திரும்பி வரும் ரயிலிலேயே, கை சூடானதும் எழுதிவிடுங்கள்.